ஆதித்யாவா, எஸ்.டி.ஓ.வா, சோஹோவா? முதுகலை ஆய்வுத் திட்டத்துக்குச் சூரிய விண்கலத் தரவைத் தேர்ந்தெடுக்கும் முறை

இயற்பியல் முதுகலையின் இறுதிப் பருவத்தில் சூரியனை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ள விரும்பும் மாணவர்கள், தலைப்பை முடிவு செய்வதற்கு முன்பே ஒரு கேள்வியில் சிக்கிக்கொள்கிறார்கள்: எந்த விண்கலத்தின் தரவை எடுப்பது? இன்று ஐந்து முக்கியமான விண்கலங்களின் தரவு, ஒரு ரூபாய்கூடக் கட்டணம் இல்லாமல், எந்தக் கல்லூரி மாணவருக்கும் கிடைக்கிறது. இஸ்ரோவின் ஆதித்யா எல்-1, நாசாவின் எஸ்.டி.ஓ. எனப்படும் சூரிய இயக்கவியல் ஆய்வகம், ஐரோப்பிய விண்வெளி முகமையும் நாசாவும் சேர்ந்து இயக்கும் சோஹோ, சூரியனுக்கு மிக அருகே சென்றுவரும் பார்க்கர், ஐரோப்பியத் தலைமையில் இயங்கும் சோலார் ஆர்பிட்டர் ஆகியவை அவை. தெரிவுகள் பெருகிய அளவுக்குத் தயக்கமும் பெருகியிருக்கிறது.

ஆதித்யாவின் பக்கம் மனம் சாய்வது இயல்பு. நம் நாட்டின் முதல் சூரிய ஆய்வு விண்கலம் அது. அதன் திட்ட இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி செங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவர். அந்தப் பெருமிதம் எனக்கும் உண்டு. ஆயினும் நான்கைந்து மாதங்களில் முடித்து ஒப்படைக்க வேண்டிய ஓர் ஆய்வுக்கு எந்தத் தரவு பொருந்தும் என்பதை ஆய்வுக் கேள்விதான் தீர்மானிக்க வேண்டும். விண்கலத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கேற்ற கேள்வியைத் தேடுபவர்கள், பருவத்தின் பாதியைத் தரவைப் புரிந்துகொள்வதிலேயே செலவிட்டுவிடுகிறார்கள்.

இக்கட்டுரை ஒரு குறிப்பிட்ட நிலையில் உள்ள மாணவரை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. அவரிடம் 8 ஜி.பி. நினைவகம் கொண்ட மடிக்கணினி ஒன்று இருக்கிறது. விடுதியின் இணையம் இருக்கிறது. பைத்தான் ஓரளவு தெரியும். வழிகாட்டும் பேராசிரியர் ஆர்வமுள்ளவர், ஆனால் சூரிய இயற்பியலில் நேரடி அனுபவம் இல்லாதவர். முனைவர் பட்ட ஆய்வுக்கான தேர்வு இதிலிருந்து பெரிதும் வேறுபடும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், அந்த விண்கலம் சூரியனைப் பார்க்கிறதா அல்லது தன்னைக் கடந்து செல்லும் சூரியக் காற்றை (சூரியனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள்களை) அளக்கிறதா என்பது. தொலைவிலிருந்து எடுக்கப்படும் படங்களும் நிறமாலைகளும் ஒரு வகை. விண்கலம் இருக்கும் இடத்திலேயே துகள்களையும் காந்தப்புலத்தையும் அளப்பது இன்னொரு வகை. முன்னதில் பட ஆய்வுத் திறனும், பின்னதில் காலத்தொடர் ஆய்வுத் திறனும் வேண்டும்.

இரண்டாவது, தரவின் பருமன். மூன்றாவது, அளவுத்திருத்தம் எந்த அளவுக்கு நிலைபெற்றிருக்கிறது என்பது. புதிய கருவியின் தரவுக்கோப்புகள் திருத்தப்பட்டு மறுபடி வெளியாகும்போது, நீங்கள் இரண்டு மாதங்களுக்கு முன் கணக்கிட்ட எண்கள் மாறக்கூடும். நான்காவது, தரவு எத்தனை ஆண்டுகள் தொடர்ச்சியாக இருக்கிறது என்பது. சூரியனின் செயல்பாடு கூடிக் குறையும் சூரியச் சுழற்சி ஏறத்தாழ 11 ஆண்டுகள் என்பதால், சில கேள்விகளை இரண்டு ஆண்டுத் தரவால் தொடவே முடியாது. ஐந்தாவது, மென்பொருளும் முன்மாதிரிகளும்: இலவச மென்பொருளில் முழு வேலையும் முடியுமா, ஏற்கெனவே யாரேனும் செய்து வெளியிட்ட முடிவை முதலில் மீண்டும் செய்து சரிபார்க்க முடியுமா?

ஆறாவதாகப் புதுமையையும் சேர்க்கலாம். பலரும் புரட்டிப் பார்த்த தரவில் புதிதாக ஒன்றைக் காண்பது கடினம். ஆனால் முதுகலைத் திட்டத்தில் நான் இதற்குக் கடைசி இடமே தருவேன். ஒரு முடிவைப் பிழையின்றி எடுத்து, அதன் பிழை வரம்பைச் சரியாகச் சொல்லக் கற்பதே இந்தக் கட்டத்தில் பெரிய பேறு.

## ஆதித்யா எல்-1

2023 செப்டம்பர் 2 அன்று பி.எஸ்.எல்.வி. சி-57 ஏவுகலத்தில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா, 2024 ஜனவரி 6 அன்று எல்-1 எனப்படும் முதல் லெக்ராஞ்சு புள்ளியைச் சுற்றும் ஒளிவட்டப் பாதையை அடைந்தது. பூமியிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், சூரியன் ஒருபோதும் மறையாத இடம் அது. ஏழு கருவிகளில் நான்கு சூரியனைப் பார்க்கின்றன. மூன்று அங்கேயே வீசும் சூரியக் காற்றையும் காந்தப்புலத்தையும் அளக்கின்றன. தரவு 2025 ஜனவரியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இஸ்ரோவின் பிரதான் தளத்தில் பெயரையும் மின்னஞ்சலையும் தந்து பதிவு செய்துகொண்டால் பதிவிறக்கம் செய்யலாம்.

ஏழு கருவிகளையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஒரு மாணவருக்கு அவை தரும் சுமையில் பெருத்த வேறுபாடு உண்டு.

இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கிய வெல்க் என்னும் கரோனா வரைவி எல்லோரையும் ஈர்க்கும் கருவி; கரோனா என்பது சூரியனின் வெளி வளிமண்டலம். சூரிய வட்டை மறைத்து, அதன் விளிம்பை ஒட்டி 1.05 சூரிய ஆரத்திலிருந்தே கரோனாவைப் பார்க்கிறது. 5303 ஆங்ஸ்ட்ராமில் உள்ள இரும்பின் பச்சைக் கோடு போன்றவற்றின் நிறமாலையையும் எடுக்கிறது. ஆனால் சிதறிய ஒளியை நீக்குவது, பிளவின் இருப்பிடத்தைச் சரியாகப் பொருத்துவது, கோட்டின் அகலத்தில் கருவியின் பங்கைக் கழிப்பது என்று இத்தரவு கேட்கும் உழைப்பு அதிகம். கருவிக் குழுவினரோடு தொடர்புள்ள வழிகாட்டி இருந்தாலொழிய, ஒரு பருவத் திட்டத்துக்கு வெல்க் தரவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புனேயில் உள்ள ஐயூகா வானியல் மையம் உருவாக்கிய சூட் தொலைநோக்கி 2000 முதல் 4000 ஆங்ஸ்ட்ராம் வரையிலான புற ஊதாப் பகுதியில், 11 வடிகட்டிகள் வழியாகச் சூரியனின் முழு வட்டைப் படமெடுக்கிறது. எஸ்.டி.ஓ. இந்தப் பகுதியைப் பார்ப்பதில்லை; சூரியனின் கண்ணுக்குத் தெரியும் பரப்பான ஒளிமண்டலத்துக்கும் அதன் மேலுள்ள நிறமண்டலத்துக்கும் இடையே நடப்பதைக் காட்டும் மெக்னீசியக் கோடுகளும், கால்சியத்தின் எச் கோடும் இங்குதான் இருக்கின்றன. கொடைக்கானல் வானாய்வகம் 1900களின் தொடக்கத்திலிருந்து எடுத்துவந்த கால்சியம் கே கோட்டுப் படங்கள் இலக்க வடிவில் கிடைக்கின்றன. கே கோடும் எச் கோடும் நெருங்கிய உறவினர் என்பதால், பிளேஜ் எனப்படும் பொலிவான பகுதிகளின் பரப்பைப் பற்றி எழுத விரும்புபவருக்குப் பழைய கொடைக்கானல் படமும் புதிய சூட் படமும் பொருத்தமான இணை. ஒளிச்செறிவை நேரடியாக ஒப்பிடாமல், பரப்பையும் வடிவத்தையும் மட்டும் ஒப்பிட்டால் இந்த வேலை மாணவரின் கைக்கு எட்டும்.

என் தேர்வு இவை இரண்டும் அல்ல. பெங்களூரு யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையம் உருவாக்கிய சோலெக்ஸ் என்னும் எக்ஸ் கதிர் நிறமாலைமானிதான் முதுகலை மாணவருக்கு ஆதித்யாவில் உள்ள மிகச் சிறந்த வாய்ப்பு. சுடர்வெடிப்புகளை எம், எக்ஸ் என்று வகைப்படுத்த உலகமே பயன்படுத்தும், அமெரிக்காவின் கோஸ் வானிலைச் செயற்கைக்கோள்களின் எக்ஸ் கதிர் அளவீடு இரண்டு அலைவரிசைகளின் மொத்தப் பொலிவை மட்டுமே தருகிறது. சோலெக்ஸோ மென் எக்ஸ் கதிர்களின் நிறமாலையையே தருகிறது. ஆகவே, வெடிப்பு ஏறும்போதும் இறங்கும்போதும் பிளாஸ்மாவின் வெப்பநிலை எப்படி மாறுகிறது என்பதை நிமிடத்துக்கு நிமிடம் கணக்கிடலாம். கோப்புகள் சிறியவை, எக்ஸ் கதிர் வானியலில் எல்லோரும் பயன்படுத்தும் இலவச மென்பொருள்களிலேயே பொருத்திப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இக்கருவியில் பெரிய துளையும் சிறிய துளையும் கொண்ட இரண்டு உணரிகள் உள்ளன. அமைதியான நாளுக்குப் பெரியது. எக்ஸ் வகை வெடிப்புக்குச் சிறியது. பெரிய வெடிப்பில் பெரிய துளையின் தரவை எடுத்தால் ஒளித்துகள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து எண்ணப்பட்டு, வெப்பநிலை தவறாக வரும்.

சூரியக் காற்றை அளக்கும் ஆஸ்பெக்ஸ், பாபா, காந்தமானி ஆகியவற்றின் தரவும் சிறியதுதான். ஆல்ஃபா துகள்களுக்கும் புரோட்டான்களுக்கும் இடையிலான விகிதம் திடீரென உயர்வது, கரோனாவிலிருந்து வெளியேறிய பொருள் வந்து சேர்ந்ததற்கான அடையாளங்களுள் ஒன்று. இதைக் கொண்டு ஒரு நல்ல திட்டத்தை அமைக்கலாம். 1994இல் ஏவப்பட்டு, இப்போது எல்-1 புள்ளியிலேயே இயங்கிவரும் விண்ட் விண்கலத்தின் அளவீடு ஒப்பிடக் கிடைப்பதால், முடிவைச் சரிபார்க்கவும் வழி உண்டு.

மறைமுகச் செலவுகள் இரண்டு. ஒன்று, பாதை போட்டுக் கொடுத்த முந்தைய ஆய்வுகள் குறைவு. ஐயம் எழுந்தால் தேடிப் படிக்கக் கிடைப்பது பெரும்பாலும் கருவிக் குழுவின் கட்டுரைகளும் கையேடும்தான். மற்றது, நீங்கள் விரும்பும் நாளில் நீங்கள் விரும்பும் கருவி இயங்கியிருக்க வேண்டும் என்பது. 2024 மே 10, 11 தேதிகளில், 2003க்குப் பிறகு வந்த மிகக் கடுமையான புவிக்காந்தப் புயல் வீசியபோது ஆஸ்பெக்ஸ் அதை அளந்தது. சூட், வெல்க் இரண்டும் அளவுத்திருத்தம் உள்ளிட்ட பணிகளில் இருந்ததால் அந்த இரு நாள்களையும் பார்க்கவில்லை.

## எஸ்.டி.ஓ.

2010 பிப்ரவரி 11 அன்று ஏவப்பட்ட எஸ்.டி.ஓ. பூமியைப் புவிஒத்திசைவுப் பாதையில் சுற்றியபடி, நியூ மெக்சிகோவில் உள்ள தரை நிலையத்துக்கு நாள்தோறும் ஏறத்தாழ 1.5 டெராபைட் தரவை அனுப்புகிறது. அதன் ஏ.ஐ.ஏ. தொலைநோக்கித் தொகுதி பத்து அலைவரிசைகளில் படமெடுக்கிறது. அவற்றில் கரோனாவைக் காட்டும் அலைவரிசைகளில் 12 நொடிக்கு ஒரு படம். எச்.எம்.ஐ. கருவி 6173 ஆங்ஸ்ட்ராம் இரும்புக் கோட்டைக் கொண்டு ஒளிமண்டலத்தின் காந்தப்புலத்தை 45 நொடிக்கு ஒருமுறை வரைகிறது. பத்தாண்டுகளுக்கும் மேலான தொடர்ச்சி, முழுமையான ஆவணங்கள், சன்பை போன்ற இலவசப் பைத்தான் தொகுப்புகள், ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் என்று மூன்றாம், நான்காம், ஐந்தாம் அளவுகோல்களில் இதற்கு நிகரில்லை.

பருமன்தான் இங்கே முதல் மறைமுகச் செலவு. ஒரு படம் 4096 வரிசை, 4096 நெடுவரிசை; பிக்சலுக்கு இரண்டு பைட் என்று கொண்டால் 33 மெகாபைட்டுக்கு மேல். 12 நொடிக்கு ஒன்று என்றால், ஒரே அலைவரிசையில் ஒரு நாளைக்கு 7,200 படங்கள், சுருக்குவதற்கு முன் 240 ஜிகாபைட். விடுதி இணையத்தில் இதை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் முழுப் படத்தையும் கேட்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தரவு மையத்தில், வேண்டிய பகுதியை மட்டும் வெட்டித் தரும்படி கேட்கலாம். 12 நொடிக்குப் பதிலாக 2 நிமிடத்துக்கு ஒன்று போதும் என்று சொல்லலாம். அதைவிட நல்ல வழி, ஷார்ப் எனப்படும் தரவுத்தொடர். காந்தப்புலம் செறிந்த ஒவ்வொரு கிளர்வுப் பகுதிக்கும் மொத்தக் காந்தப்பாயம், மின்னோட்ட அளவுகள் முதலியவற்றைக் கணக்கிட்டு, 12 நிமிடத்துக்கு ஒரு வரி என்று எண்களாகவே தந்துவிடுகிறார்கள். 2024 மே மாதப் புயலுக்குக் காரணமான 13664 என்ற கிளர்வுப் பகுதி எப்படி வளர்ந்தது என்பதை, ஒரு படம்கூடப் பதிவிறக்காமல் ஷார்ப் எண்களைக் கொண்டே எழுதிவிடலாம்.

இரண்டாவது செலவு கண்ணுக்குத் தெரியாதது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எஸ்.டி.ஓ. தன் பாதையில் நொடிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. நாளின் ஒரு பாதியில் சூரியனை நோக்கியும் மறுபாதியில் விலகியும் நகர்வதால், எச்.எம்.ஐ. பார்க்கும் நிறமாலைக் கோடு டாப்ளர் விளைவால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த நகர்வு காந்தப்புல அளவீட்டில் 12 மணி, 24 மணி நேர ஏற்ற இறக்கமாகப் படிந்திருக்கும். காந்தப்பாயத்தின் காலத்தொடரை ஃபூரியே பகுப்பாய்வு செய்து, 24 மணி நேர அலைவு கிடைத்தது என்று மகிழ்பவர் சூரியனைக் காணவில்லை, விண்கலத்தின் பாதையைத்தான் கண்டிருக்கிறார். அதேபோல் சூரிய வட்டின் விளிம்பை நெருங்கும் கிளர்வுப் பகுதிகளின் எண்களையும் நம்பக் கூடாது. மையக்கோட்டிலிருந்து 60 பாகைக்குள் இருக்கும் நாள்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஏ.ஐ.ஏ. படங்களிலும் இத்தகைய இடறல்கள் உண்டு. சுடர்வெடிப்பின்போது கருவி தானாகவே ஒளிபடும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளும். படத்தை அந்த நேரத்தால் வகுக்காமல் பொலிவு வரைபடம் போட்டால், அது ரம்பப் பல்லாக வரும். காலப்போக்கில் உணர்திறன் தேய்ந்திருக்கிறது. 304 அலைவரிசையில் இத்தேய்வு மிக அதிகம். 2011ஆம் ஆண்டையும் 2024ஆம் ஆண்டையும் ஒப்பிடுபவர் திருத்தக் காரணியைப் போட்டே ஆக வேண்டும். 193 அலைவரிசை ஏறத்தாழ 15 லட்சம் கெல்வின் கரோனாவையும், பெரிய வெடிப்பில் 2 கோடி கெல்வின் பிளாஸ்மாவையும் ஒருசேரக் காட்டக்கூடியது என்பதால், அங்கு வெளிச்சம் கூடுவதை உடனே வெப்பநிலையாக மொழிபெயர்க்கவும் முடியாது. இவை அத்தனைக்கும் திருத்த வழிகள் ஆவணங்களில் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன என்பதே எஸ்.டி.ஓ.வின் பலம்.

ஆண்டுக்கு இருமுறை, சில வாரங்களுக்கு, பூமி நாள்தோறும் சிறிது நேரம் சூரியனை மறைக்கும். 2024 நவம்பர் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு தரவு மையத்தில் குளிரூட்டும் குழாய் உடைந்து வெள்ளம் புகுந்ததால், தரவு வழங்கலே நீண்ட காலம் தடைப்பட்டது. தேவையான கோப்புகளைப் பருவத்தின் முதல் மாதத்திலேயே இறக்கி, இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

## சோஹோ

1995 டிசம்பர் 2 அன்று ஏவப்பட்ட சோஹோ, ஆதித்யா இருக்கும் அதே எல்-1 புள்ளியில்தான் இருக்கிறது. அதன் கருவிகளில் பல ஓய்வுபெற்றுவிட்டன. மாணவருக்கு முக்கியமானது லாஸ்கோ கரோனா வரைவி. அதன் இரண்டு கேமராக்கள் ஏறத்தாழ 2 சூரிய ஆரத்திலிருந்து 30 சூரிய ஆரம் வரை கரோனாவைக் காட்டுகின்றன. இரண்டு முழுச் சூரியச் சுழற்சிகளைத் தாண்டிய ஒரே சீரான பதிவு இது. 2024 மார்ச்சில் சோஹோ படங்களில் கண்டறியப்பட்ட வால்நட்சத்திரங்களின் எண்ணிக்கை 5,000ஐத் தொட்டது. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டவர்கள் தொழில்முறை வானியலாளர்கள் அல்லாத ஆர்வலர்களே.

இதன் பெரிய வசதி, கரோனா நிறை வெளியேற்றங்களின் அட்டவணை. 1996 முதல் ஒவ்வொரு வெளியேற்றத்தின் நேரம், திசை, கோண அகலம், வேகம் ஆகியவற்றை மனிதக் கண்களால் அளந்து தொகுத்து, நாசாவின் கோடார்டு மையத்தின் தளத்தில் வைத்திருக்கிறார்கள். மடிக்கணினிகூட வேண்டியதில்லை என்று சொல்லத்தக்க அளவுக்குச் சிறிய தரவு. புள்ளியியலில் தேர்ச்சியுள்ள மாணவருக்கு இதைவிட வளமான இடம் இல்லை. சுழற்சி 23, 24, 25 ஆகியவற்றில் வேகமான வெளியேற்றங்களின் பங்கு எப்படி மாறியது என்பது போன்ற கேள்விக்கு வேறு எந்த விண்கலமும் விடை தராது.

அட்டவணையின் எளிமைதான் அதன் ஆபத்தும். அதில் உள்ள வேகம் வானத் தளத்தில் விழும் நிழலின் வேகம். பூமியை நோக்கி நேராக வரும் வெளியேற்றம் படத்தில் வட்டமாக விரிவதையே நாம் அளக்கிறோம். அதன் உண்மையான முன்னோக்கு வேகம் அதுவன்று. இதைக் கருதாமல் பூமியை வந்தடையும் நேரத்தைக் கணக்கிட்ட திட்டங்கள் தேர்வாளரின் முதல் கேள்வியிலேயே ஆட்டம் காணும். 1998 ஜூனில் தொடர்பு அறுந்து விண்கலம் மீட்கப்பட்ட காலம் ஓர் இடைவெளி. அந்த ஆண்டின் கடைசியில் சுழல்காட்டிகள் செயலிழந்தபோது இன்னோர் இடைவெளி. மாதவாரி எண்ணிக்கை எடுப்பவர் இவற்றைச் சுழியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. படங்களையே ஆராய்பவருக்கு வேறொரு சிக்கல்: 2003இல் உயர்ஈட்டு ஆன்டெனாவின் நகர்வு பழுதான பிறகு, ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை விண்கலத்தையே 180 பாகை திருப்பி வைக்கிறார்கள். கோப்பின் தலைப்பகுதியில் உள்ள சுழற்சிக் கோணத்தைப் படிக்காத நிரலுக்கு வடக்கு தெற்காகிவிடும். லாஸ்கோவின் முழு அளவுத்திருத்தம் பெரிதும் ஐ.டி.எல். மென்பொருளைச் சார்ந்தது, அதன் உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும். அட்டவணையோடு நிற்பவருக்கு இந்தச் செலவு இல்லை.

## பார்க்கர்

2018 ஆகஸ்ட் 12 அன்று ஏவப்பட்ட பார்க்கர், 2024 டிசம்பர் 24 அன்று சூரிய மேற்பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்றது. மனிதர் அனுப்பிய எதுவும் அவ்வளவு அருகே சென்றதில்லை. 2021 ஏப்ரலில் அது முதன்முறையாக ஆல்ஃப்வேன் எல்லையைத் தாண்டிக் கரோனாவுக்குள் நுழைந்தது. இந்த எல்லைக்கு உள்ளே காந்த அலைகள் சூரியனை நோக்கித் திரும்ப முடியும். வெளியே காற்று அவற்றை அடித்துச் சென்றுவிடும்.

இதில் சூரியனின் படம் கிடைக்காது. இருக்கும் ஒரே கேமராத் தொகுதி பக்கவாட்டில்தான் பார்க்கிறது. கிடைப்பது காந்தப்புலமும் பிளாஸ்மா அளவுகளும். காந்தப்புலம் சட்டென்று திசைமாறி மீளும் 'திருப்பங்கள்' இத்தரவில் நிறைந்திருக்கின்றன. அவற்றை எண்ணி, நீடிக்கும் நேரத்தையும் திரும்பும் கோணத்தையும் தூரத்தோடு ஒப்பிடுவது முதுகலைக்கு ஏற்ற, அழகான வேலை. செலவு விளக்கத்தில் இருக்கிறது. ஒரே புள்ளியில் அளக்கும் விண்கலம் அதிவேகத்தில் நகர்கிறது. எனவே, ஒரு மாற்றம் காலத்தால் வந்ததா, இடம் மாறியதால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். அந்தக் காற்று சூரியனில் எங்கிருந்து புறப்பட்டது என்று சொல்ல, காந்தப்புல மாதிரி ஒன்றைக் கணித்தாக வேண்டும். மின்காந்தவியலிலும் பிளாஸ்மா இயற்பியலிலும் ஒரு தாளாவது படித்திராதவர் இங்கே இறங்குவதை நான் விரும்ப மாட்டேன்.

## சோலார் ஆர்பிட்டர்

2020 பிப்ரவரியில் ஏவப்பட்ட இந்த விண்கலத்தில் பத்துக் கருவிகள். 2025 பிப்ரவரியில் வெள்ளியின் ஈர்ப்பைப் பயன்படுத்திப் பாதையைச் சாய்த்துக்கொண்டு, மார்ச்சில் சூரியனின் தென் துருவத்தை 17 பாகைக் கோணத்திலிருந்து படமெடுத்தது. பூமியிலிருந்து பார்க்கும் எந்தத் தொலைநோக்கிக்கும் இந்தக் கோணம் கிட்டாது. வன் எக்ஸ் கதிர்களைப் படமாக்கும் ஸ்டிக்ஸ் கருவியும் இதில் இருக்கிறது.

தொடர்ச்சி இதன் குறை. உயர் பகுதிறன் படக்கருவிகள் பெரும்பாலும் ஒதுக்கப்பட்ட சில நாள்களில்தான் முழுமையாக இயங்குகின்றன. நேரக் கணக்கிலும் கவனம் வேண்டும். விண்கலம் சூரியனிலிருந்து 0.3 வானியல் அலகில் இருக்கும்போது ஒளி 150 நொடியில் அதை அடைகிறது. பூமியை அடைய 499 நொடி. அதே வெடிப்பை ஸ்டிக்ஸ் ஏறத்தாழ 5 நிமிடம் 50 நொடி முன்னதாகவே பார்த்துவிடும். இந்த வேறுபாட்டைக் கழிக்காமல் கோஸ் தரவோடு ஒப்பிட்டால் காரண காரியமே தலைகீழாகும்.

## ஒரே பார்வையில்

| | ஆதித்யா | எஸ்.டி.ஓ. | சோஹோ (லாஸ்கோ) | பார்க்கர் | சோலார் ஆர்பிட்டர் |
|---|---|---|---|---|---|
| தொடக்கம் | 2023 | 2010 | 1995 | 2018 | 2020 |
| இருப்பிடம் | எல்-1 | புவிஒத்திசைவுப் பாதை | எல்-1 | சூரியனைச் சுற்றும் நீள்வட்டம் | சூரியனைச் சுற்றும் சாய்ந்த நீள்வட்டம் |
| தரும் அளவீடு | படம், நிறமாலை, சூரியக் காற்று | படம், காந்தப்புலம் | வெளிக் கரோனாப் படம் | சூரியக் காற்று | படம், சூரியக் காற்று இரண்டும் |
| தரவின் சுமை | சோலெக்ஸ், ஆஸ்பெக்ஸ் குறைவு. சூட், வெல்க் அதிகம் | மிக அதிகம். ஷார்ப் எண்கள் மட்டும் குறைவு | அட்டவணை மிகக் குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் |
| வழிகாட்டும் ஆவணம் | வளர்ந்துவருகிறது | மிக நிறைவு | நிறைவு | நிறைவு | நன்று |
| கவனிக்க வேண்டியது | உணரித் தேர்வு, இயங்கிய நாள் | 24 மணி நேர அலைவு, உணர்திறன் தேய்வு | நிழல் வேகம், படத் திருப்பம் | இடமா காலமா என்ற குழப்பம் | ஒளிப்பயண நேரம் |

## யாருக்கு எது

வழிகாட்டிக்கும் மாணவருக்கும் சூரியத் தரவு இதுவே முதல் முறை என்றால், எஸ்.டி.ஓ.வின் ஷார்ப் எண்களையோ லாஸ்கோ அட்டவணையையோ தேர்ந்தெடுக்குமாறு தயக்கமின்றிச் சொல்வேன். முன்னது ஒரு கிளர்வுப் பகுதியை ஆழமாகப் பார்ப்பவருக்கு. பின்னது ஆயிரக்கணக்கான நிகழ்வுகளின் போக்கைப் பார்ப்பவருக்கு. அணுக்கரு இயற்பியல் ஆய்வகத்தில் காமா நிறமாலை எடுத்துப் பழகியவர், ஆற்றல் அளவுத்திருத்தம், பின்னணியைக் கழித்தல் ஆகியவற்றை ஏற்கெனவே கையால் செய்தவர் என்பதால், சோலெக்ஸுக்கு மற்றவரைவிட ஆயத்தமானவர். அவருக்கு ஆதித்யாவே முதல் தேர்வாகலாம். நம் பல்கலைக்கழகத் துறைகள் பலவற்றில் இந்த ஆய்வகப் பயிற்சி இருந்தும், அதைச் சூரியனோடு இணைத்துப் பார்ப்பவர் குறைவாக இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. பிளாஸ்மா இயற்பியலை விருப்பப் பாடமாக எடுத்தவருக்குப் பார்க்கர் பொருந்தும். சோலார் ஆர்பிட்டரைத் தனியாக எடுப்பதைவிட, பூமியின் பக்கத்திலிருந்து பார்க்கும் இன்னொன்றோடு இணைத்து எடுப்பதுதான் பயன் தரும்.

இணைப்பு என்று வரும்போது இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரி 22 அன்று நிகழ்ந்த எக்ஸ் 6.3 வகை வெடிப்பைச் சூட் பதிவு செய்திருக்கிறது, எஸ்.டி.ஓ.வும் அதைப் பார்த்தது. கீழ் வளிமண்டலத்துக்குச் சூட், கரோனாவுக்கு ஏ.ஐ.ஏ. என்று பிரித்துக்கொண்டு, எது முதலில் ஒளிர்ந்தது என்று கேட்பது ஒரு திட்டத்துக்குப் போதும். அதற்கே இரு கருவிகளின் படங்களையும் பிக்சலுக்குப் பிக்சல் பொருத்தும் வேலை ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளும். மூன்றாவதாக ஒரு விண்கலத்தைச் சேர்த்தால், பொருத்துவதிலேயே பருவம் முடிந்துவிடும்.

தலைப்பை எழுதிக் கொடுக்கும் முன் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். நீங்கள் எடுக்கப்போகும் நாளில், எடுக்கப்போகும் கருவியின் கோப்பு உண்மையிலேயே பட்டியலில் இருக்கிறதா என்று தளத்துக்குள் சென்று பாருங்கள். அதில் ஒரே ஒரு கோப்பை இறக்கி, தலைப்பகுதியை முழுவதும் படித்து, ஒரு வரைபடமாவது போட்டுப் பாருங்கள். பிறகு, அதே கருவியைக் கொண்டு வெளிவந்த ஒரு கட்டுரையின் ஒரு படத்தை உங்கள் நிரலால் மீண்டும் வரைய முயலுங்கள். மூன்றாவது வேலை இரண்டு வாரத்துக்குள் முடியவில்லை என்றால் கேள்வியை மாற்ற வேண்டாம். அதே கேள்விக்கு இன்னும் எளிய தரவு தரும் கருவிக்கு மாறிக்கொள்ளுங்கள். சுடர்வெடிப்பின் வெப்பநிலையைச் சோலெக்ஸ் நிறமாலையிலிருந்து எடுக்க இயலாதவர், கோஸின் இரண்டு அலைவரிசைகளின் விகிதத்திலிருந்து அதே வெப்பநிலையைத் தோராயமாகக் கணக்கிட்டுத் திட்டத்தைத் தொடரலாம்.